பதினெட்டு வாளிகள்

ஆப்பிள் பூ பார்க்க அழகாக இருக்கும், ஐயா. பூக்கிற நாளில் வந்திருந்தால் நீங்களும் ஒரு நிமிஷம் நின்று பார்த்திருப்பீர்கள்.

இந்த மலையில் உருளைக்கிழங்கைத் தவிர வேறொன்றும் விளையாது என்றார்கள். நான்தான் முதலில் ஆப்பிள் வைத்தேன். இருநூறு கன்று, அத்தனையும் சிவப்பு ரகம். பத்துக்கு ஒன்று பச்சை ரகம் கலந்து வை என்று நாற்றுப் பண்ணைக்காரர் சொன்னார். எனக்குக் கலப்படம் பிடிக்காது.

ஐந்தாம் வருஷம் பூத்தது. ஆறாம் வருஷமும் பூத்தது. காய் மட்டும் இல்லை. ஊரில் எனக்குப் பூக்காரன் என்று பெயர் வைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கிழங்கு போட்டிருந்த நிலத்தில் பாதியை எனக்காக விட்டுக்கொடுத்தவர் அவர். அவர்மேல் எனக்குக் கோபமே இருந்ததில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாம் வருஷம், பூ விரிந்திருந்த ஒரு காலையில் தோட்டத்துக்குப் போனேன். மரங்களில் வாளிகள் தொங்கின. பதினெட்டு வாளி. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி, பச்சை ரகத்தின் பூத்த கிளைகளைச் செருகியிருந்தது. ஏணிமேல் அண்ணன்.

"பண்ணைக்காரரப் பாத்தேன்டா. ஒரே ரகமா இருந்தா காய் பிடிக்காதாம். வேற ரகப் பூ பக்கத்துல இருந்தா மிச்சத்த தேனீ பாத்துக்குமாம். உங்கிட்ட அப்பவே சொன்னேன்னாரே?"

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லடா. காய்க்கட்டும், அப்புறம் ஊருக்கே சொல்லுவோம்."

நல்ல மனுஷன். ஏணியை இழுத்தேன். விழுந்தவர் எழப் பார்த்தார். என் கையில் கவாத்து ரம்பம் இருந்தது. கிளையை அறுக்கும்போது ஒட்ட அறுக்க வேண்டும், பாதியில் கை எடுக்கக் கூடாது. கழுத்துக்கும் அதே கைதான். "தம்பி" என்றார், இரண்டு தடவை. பிறகு சத்தம் மட்டும் வந்தது.

எருக்குழியில் புதைத்து மூடப் பிற்பகலாகிவிட்டது. அதன்பிறகுதான் வாளிகளை இறக்கினேன். அதற்குள் தேனீக்கள் வேலையை முடித்திருந்தன. அண்ணன் ஏதோ வேலையாக மலையிறங்கிப் போயிருக்கிறார் என்று அண்ணியிடம் சொன்னேன்.

மூன்று வாரத்தில் கோலிக்குண்டு அளவில் காய் பிடித்தது. ஏணி வைத்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தேன். இரண்டு நாள் ஆயிற்று.

"ஏழு வருஷமாக் காத்திருந்த காயக் கிள்ளிப் போடுறீங்களே தம்பி... அவர் எங்க?" என்றார் அண்ணி. அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறார்.

அண்ணனைக் கொன்றது நான்தான். ஆனால் அவர் சொன்னது தப்பு, ஐயா. என் தோட்டத்தில் ஒரு காய்கூட இல்லை. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.