என் கைவேலை

துவைத்த துணியை ஓரம் பார்த்து மடிப்பது எனக்குப் பிடித்த வேலை, சார். கிட்டார் பெடலுக்குள் ஒயர் ஓட்டுவதும் அப்படித்தான். காலால் மிதித்தால் கிட்டாரின் சத்தத்தை மாற்றும் சின்ன உலோகப் பெட்டி அது. உள்ளே ஒயரை அளவாக வெட்டி, மூலையில் மடக்கி, ஓரத்தை ஒட்டியே கொண்டுபோக வேண்டும். குறுக்கே ஓடினால் இரைச்சல் வரும்.

பாலக்கரையில் நானும் செபஸ்தியானும் சேர்ந்துதான் பெடல் செய்தோம். யோசனை அவருடையது, ஒயர் என்னுடையது. அவர் கை வைத்தால் உள்ளே நூடுல்ஸ் மாதிரி இருக்கும்.

ஒருநாள் அவர் போட்ட வீடியோவைப் பார்த்தேன். நான் செய்த பெடலைத் திறந்து காட்டி, "ஒவ்வொரு ஒயரும் என் கையால வச்சது" என்றார். யாரோ என்னைப் பற்றிக் கேட்டதற்கு, "பேட்ரிசியாவா? அவங்க பேக்கிங் பாத்துக்கிறாங்க" என்றார்.

நான் கேட்டபோது சிரித்தார். "அப்படிச் சொன்னாத்தான் வாங்குறாங்க, பேட்ரி. உனக்கும் எனக்கும் தெரியும்ல, போதாதா?"

போதும் என்றுதான் சொன்னேன்.

மேடையில் பெடல்களுக்குக் கரண்ட் தரும் பெட்டியை அவரே செய்து வைத்திருந்தார். ஸ்ரீரங்கம் கச்சேரிக்கு முன்பு அதைத் திறந்து ஒயரை மாற்றினேன். அவர் கையைப் போலவே அலங்கோலமாகச் செய்தேன். அதுதான் சிரமமாக இருந்தது. அவர் வண்டியை நிறுத்தப் போன நேரத்தில், எங்களோடு பாடும் ஆஷ்லி அவருடைய கிட்டாரை எடுத்துவிட்டாள். கம்பியில் கை, மைக்கில் உதடு, கரண்ட் பாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நீங்களும் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் செபஸ்தியானைக் கைது செய்தீர்கள். ஜெயிலில் போய்ப் பார்த்தேன். "போலீஸ் காட்டுன போட்டோல பெட்டிக்குள்ள பாத்தேன் பேட்ரி, அது என் ஒயர்தான். நான்தான் அந்தப் பொண்ணைக் கொன்னுட்டேன்" என்று அழுதார். ஜெபம் பண்ணச் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நான் செய்ததை மறுபடியும் தன்னுடையது என்கிறார். அதைப் பொறுக்க முடியாமல்தான் இங்கே வந்தேன்.

ஆஷ்லியா? நல்ல பெண். அன்று மேடையில் கிட்டாரை மாட்டும் முன் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "அக்கா, இந்தப் பெட்டி அண்ணன் செஞ்சதுன்னா தொடவே பயமா இருக்கு. நீங்க செஞ்சதா?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை, சார்.

"ஆமாம்மா, நான் செஞ்சதுதான்" என்றேன்.