வெந்நீர்த் தொட்டியில் பிடித்த கை

விடியற்காலை நாலரை மணி. அறுபத்து மூன்றாம் வருஷம், டிசம்பர் மாசம். தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு ரயில் பாதையை ஒட்டியே போகிற ரோடு... ஒரு நாய்கூட இல்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கடைசியில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும். இது யாரோ எவரோ கதை இல்லை. வடாலாவில் இருக்கிறானே நம்பிராஜன், அவனுடைய சித்திக்கு நடந்தது. பேராச்சி என்று பெயர்.

பேராச்சி இடுப்பில் ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். செண்பகவல்லி. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது. போகும்போது இரண்டு கால்களின் பலத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது. இளம்பிள்ளை வாதம். நடக்க நடக்க அந்தக் கால்கள் அம்மாவின் தொடையில் இடிக்கும். டப்... டப்... காலிப் பை ஆடுகிற மாதிரி.

எங்கே போகிறாள்? ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு. பெயர் வேண்டாம். அங்கே பின்கட்டில் ஒரு வெந்நீர்த் தொட்டி. மார்பளவு ஆழம். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்துப் பிடரியைத் தாங்கிக்கொண்டால், உடம்பின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். தரையில் அசையாத கால் தண்ணீரில் அசையும் என்றார் டாக்டர். காசு கொடுக்கிறவர்கள் எட்டு மணிக்கு மேல். இலவசம் என்றால் ஐந்து மணிக்கே. புருஷன் பூலோகம் தோல் பட்டறைக்குக் கிளம்புமுன் திரும்ப வேண்டுமென்று பேராச்சி எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பாள்.

நாலு மாசம் ஆகிவிட்டது. கால் அசையவில்லை.

"ஏளா, பிள்ளையைத் தினமும் வேகவைச்சுக் கொண்டாரே. கால் வெந்துச்சே தவிர நடக்கக் காணுமே?" என்பான் பூலோகம்.

டாக்டரும் கெடு வைத்துவிட்டார். பங்குனிக்குள் ஒரு காலையாவது தானாகத் தூக்கினால் இரும்புப் பட்டை மாட்டி நடக்கப் பழக்கலாம். இல்லையென்றால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

தொட்டிக்குள் நின்று பிள்ளையை வாங்குகிற ஆயா, நஜ்முன்னிசா. மேலப்பாளையத்துக்காரி. முதல் நாளே பேராச்சிக்கு ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கரையில் நிற்பவள் "பிடிச்சாச்சா?" என்று கேட்க வேண்டும். தண்ணீரில் நிற்பவள் "பிடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். பிறகு கரையில் நிற்பவள் "விட்டாச்சு" என்று சொல்லிக் கையை எடுக்க வேண்டும். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்போது அப்படியே தலைகீழ்.

"மூணு சொல்லும் காதுல விழணும் தாயி. ஒண்ணு குறைஞ்சாலும் பிள்ளை ரெண்டு பேர் கையிலயும் இருக்காது. தண்ணி கையில இருக்கும். சமஜ் கயா? புரிஞ்சுதா?"

அன்றைக்குக் குளிர் அதிகம். பாய்லர்க்காரன் கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டான். உள்ளே ஒரே ஒரு பல்பு, மஞ்சளாக. தொட்டிக்கு மேலே நீராவி... நீட்டிய கையே தெரியவில்லை. பிளீச்சிங் பவுடர் நெடி. அதற்கு அடியில் இன்னொரு வாடை, நாள் கணக்காகப் பிழியாமல் கிடந்த ஈரத் துணி வாடை.

தண்ணீரில் அசைவு கேட்டது. நஜ்மா அக்கா இறங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று பேராச்சி கரையில் மண்டியிட்டாள். பிள்ளையை ஆவிக்குள் நீட்டினாள்.

"பிடிச்சாச்சா?"

சத்தம் இல்லை. கீழேயிருந்து இரண்டு உள்ளங்கைகள் பாரத்தை வாங்கிக்கொண்டன... அது அவளுக்குத் தெரிந்தது.

"பிடிச்சாச்சு."

குரல் கம்மியிருந்தது. குளிருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது போல.

"விட்டாச்சு" என்று சொல்லிக் கையை எடுத்தாள்.

கொஞ்ச நேரம் போயிற்று. ஆவிக்குள்ளிருந்து... சளக். சளக், சளக். கால் அடிக்கிற சத்தம்! அவள் மகளின் கால். பிள்ளை வேறு சிரிக்கிறது.

"அக்கா! நஜ்மா அக்கா! கால் அசையுதா?"

"யாருட்டி உள்ளே கத்துறது?"

பதில் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கதவருகே நஜ்முன்னிசா. உலர்ந்த சேலை, தலையில் முக்காடு, கையில் செருப்பு.

"கண் அசந்துட்டேன் தாயி, கோவிச்சுக்காதே. பிள்ளை எங்கே?"

பேராச்சி தொட்டியைக் காட்டினாள். அவ்வளவுதான், நஜ்முன்னிசா உடுத்த சேலையோடு குதித்தாள். ஆவி விலகியது. நட்டநடுத் தொட்டியில் பிள்ளை மல்லாந்து கிடக்கிறது. தலை மட்டும் தண்ணீரைத் தொடாமல் உள்ளங்கை உயரத்துக்கு மேலே நிற்கிறது. அடியில் ஒன்றும் இல்லை.

பிள்ளையோடு வெளியே வந்து பேராச்சி கேட்டாள். "யாருக்கா அது?"

"எனக்கு முன்னால இந்த வேலையில ஒருத்தி இருந்தா. ஏன் போனான்னு நான் கேட்டதில்லை. நீயும் கேக்காதே. நான் வராம நீ உள்ளே போகாதே, அவ்வளவுதான்."

பேராச்சி போகவில்லை. பதினைந்து நாள், அக்கா வரும்வரை வாசலிலேயே காத்து நின்றாள். நஜ்முன்னிசாவின் கையில் கால்கள் பழையபடி துவண்டு கிடந்தன. ஒரு ராத்திரி பிள்ளை கேட்டது.

"எம்மா, அந்த அத்தை எப்ப வரும்?"

"எந்த அத்தைட்டி?"

"கை பெரிசா இருக்குமே... அது பிடிச்சாத்தான் எனக்குக் கால் வருது."

"மூஞ்சியைப் பாத்தியா?"

"மூஞ்சி தண்ணிக்கு அடியிலல்லா இருந்துச்சு."

பேராச்சி அன்று தூங்கவில்லை. பக்கத்தில் பிள்ளையின் கால்கள் போட்டது போட்டபடி கிடந்தன. பங்குனிக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்தத் திசைக்கே ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள். அவள் பெற்றவள் அல்லவா? மறுநாள் மூன்றரைக்கே எழுந்தாள்.

நஜ்முன்னிசா வருவதற்கு அரைமணி முன்னால் உள்ளே போனாள். ஆவிக்குள் பிள்ளையை நீட்டினாள். "பிடிச்சாச்சா?" என்றாள். பதில் வந்தது. "விட்டாச்சு" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான், நஜ்முன்னிசா வருமுன் பிள்ளையோடு வாசலுக்கு வந்துவிடுவாள். திருப்பி வாங்கும்போதும் முறை தப்பாது. ஆவிக்குள் கையை நீட்டுவாள், அந்தக் கம்மிய குரல் "பிடிச்சாச்சா?" என்று கேட்கும், இவள் "பிடிச்சாச்சு" என்பாள், "விட்டாச்சு" என்று கேட்கும், பாரம் கைக்கு வரும். முறையாக நடந்துகொள்கிறவள் கெட்டவளாக இருப்பாளா என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

தொடையில் சதை பிடித்தது. நஜ்முன்னிசா தடவிப் பார்த்தாள்.

"என்ன செய்றே தாயி?"

"எண்ணெய் தேய்க்கேன்க்கா."

நஜ்முன்னிசா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பங்குனியில் டாக்டர் முன்னால் பிள்ளை இரண்டு காலையும் தூக்கிக் காட்டியது. அவரே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நாளைக்கு ஒரு நாள் தொட்டி, அதோடு போதும். இனிமேல் தரையில்தான் பழக்கம்" என்றார்.

கடைசி நாள். பிள்ளையை ஆவிக்குள் கொடுத்துவிட்டுப் பேராச்சி கரையில் மண்டியிட்டுச் சொன்னாள்: "இன்னியோட சரி தாயே. நாளைக்கு வரமாட்டோம். நீ செஞ்சதை மறக்கமாட்டேன்."

ஆவி அசையவில்லை.

நேரம் ஆயிற்று. கையை நீட்டினாள். "பிடிச்சாச்சா?" என்ற கேள்வி வரவில்லை. தானே தேடிப் பிள்ளையின் அக்குளுக்குள் கையைக் கொடுத்தாள்.

"பிடிச்சாச்சு" என்றாள்.

சொட்... சொட்... குழாய்தான் ஒழுகியது.

"பிடிச்சாச்சு, தாயே."

வெளியே செருப்புச் சத்தம். நஜ்முன்னிசா! பார்த்தால் என்ன சொல்வது? இனியும் காத்திருக்க முடியாது. இழுத்தாள். பிள்ளை லேசாக வந்துவிட்டது, தடையே இல்லை. துண்டில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்த மூன்றாவது சொல் வரவே இல்லை.

வைகாசியில் பிள்ளை நடந்தது. இரும்புப் பட்டைகூட வேண்டியிருக்கவில்லை. "ஏளா, எம் மக நடக்கா! எல்லாரும் பாருங்கய்யா, எம் மக நடக்கா!" என்று பூலோகம் சந்து முழுக்க ஓடி ஓடி மிட்டாய் கொடுத்தான், அழுதுகொண்டே.

ஒன்றே ஒன்றுதான். நடக்கும்போது பிள்ளை இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை மடக்கிக்கொள்ளும். பெரிய ஆளின் கையைப் பிடித்து நடக்கிற மாதிரி. அந்தக் கையைக் கீழே இறக்கிவிட்டால் அந்த இடத்திலேயே துணி மாதிரி சரிந்துவிடும். நிதானத்துக்காகச் செய்கிறது, போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். பேராச்சி பிள்ளைக்கு வலப்பக்கம் மட்டும்தான் நடப்பாள்.

தாராவிச் சந்து தெரியுமே, இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது. எதிரே தண்ணீர்க் குடத்தோடு வருகிறவர்கள் அம்மாவையும் பிள்ளையையும் கண்டால் சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிடுவார்கள். இருவரும் தாண்டிப் போவார்கள். ஆனாலும் வழிவிட்டவர்கள் உடனே நகரமாட்டார்கள்... இன்னும் ஓர் ஆள் போய் முடிகிற வரைக்கும் அப்படியே நிற்பார்கள். ஏன் என்று கேட்டால், அவர்களுக்கே தெரியாது.