புதன்கிழமைச் சொந்த வேலை

ராமச்சந்திராபுரம் கம்பெனி நகரியப் பள்ளி அலுவலகத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் அமர்ந்து, இன்று பணி ஓய்வு பெறும் கண்காணிப்பாளர் ஜலஜா அம்மையாருக்கு, அவர் எழுந்து போவதை எண்ணவும் மனமில்லாத சக ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்.

கோப்புகளின் கோமகளே! மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே முகங்களின் மர்மம் அறியும் மதியூகியே!

பதினான்கு ஆண்டுகளாகப் புதன்தோறும் அரைநாள் விடுப்பு எடுத்தீர்கள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினீர்கள். திருப்பதிக்குப் போகவோ காய்ச்சலில் படுக்கவோ விடுப்பு மிஞ்சியதே இல்லை. ஒரு வாரம் கேண்டீன்காரர் குடும்பத்தோடு கம்பெனி பஸ் ஏறினீர்கள். மறுவாரம் கொண்டாப்பூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் தம்பதியோடு. எங்கள் அலுவலகத்து வாய் சும்மா இருக்குமா?

பக்கத்து மேசை ஸ்டெல்லாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்து நான்கே மாதத்தில் நாற்பது வீட்டு நடப்பையும் விரல்நுனியில் வைத்திருந்தவர் அல்லவா! கேட்டேவிட்டார்.

"ஏன்க்கா, வாரா வாரம் ஆள மாத்தி ஆளக் கூட்டிக்கிட்டு எங்க போறீய?"

"நீயும் வா. ஆனா வாயைத் திறக்க நக்கோ."

மூன்று தலைமுறை செகந்திராபாத்தில் ஊறிய தமிழ் அது; அதில் 'நக்கோ' என்றால் வேண்டாம், 'ஹவ்' என்றால் ஆமாம்.

உளவு பார்க்கப் போன ஸ்டெல்லா கண்டது அரசு மருத்துவமனையின் நீண்ட வரிசை. புதனன்று மட்டும் கூடும் மருத்துவக் குழு. படிக்கவும் எழுதவும் திணறும் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைத்தால், பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல். எந்தச் சன்னலில் நிற்பது, எந்த நகலைக் காட்டுவது, பிள்ளை சிணுங்கினால் எந்த பிஸ்கட் என்பதெல்லாம் உங்கள் கைப்பையில் இருந்தன. திரும்பும் வழியெல்லாம் ஸ்டெல்லாவுக்குத் தன் மகள் தாரிணியின் நோட்டுகளே நினைவு. எட்டாம் வகுப்பில் இருந்த அவளை, கிறுக்கல் எழுத்துக்காகத் தினமும் திட்டித் தீர்த்த தாய் அவர்.

"அக்கா, ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்" என்றார்.

"ஹவ் ஸ்டெல்லா, எத்தனை வீட்டுச் சங்கதி என்கிட்ட இருக்கு. ஒண்ணாவது உன் காதுக்கு வந்திருக்கா?"

அதற்கு மேல் என்ன உறுதி வேண்டும்!

தாரிணியை அழைத்துப் போனபோது குழுவினர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை சான்றிதழ் வந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வன்று மணி அடித்து, எல்லாப் பிள்ளைகளும் வெளியேறி, வாசல் வெறிச்சோடிய பின்னும், உள்ளே தாரிணி எழுதிக்கொண்டிருக்க, வெளியே இருவரும் நின்றீர்கள். அந்த ஒரு மணி நேரம் உங்களருகே மறுபடி நிற்கக் கிடைக்காதா என்றுதான் ஸ்டெல்லா இன்றும் ஏங்குகிறார்.

ஆறு ஆண்டுகள் இதை யாரிடமும் நீங்கள் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் அது உலக அதிசயம். இன்று எழுதச் சொன்னவர் ஸ்டெல்லாவே. சட்டம் போட்டு மாட்டும் மடலில் தன் பெயர் இருக்கட்டும் என்று தாரிணியும் சொல்லிவிட்டாள்.

முழங்கால் வலி விலகி, புதன்கிழமைகளில் பொழுது புலர்ந்தபின் எழுந்து, பல்லாண்டு நலமாயிருங்கள் அம்மா! உங்கள் நாற்காலிக்கு வேறொருவர் வந்துவிடுவார். பஸ்ஸில் உங்கள் சன்னலோரம் காலியாக இருப்பதைப் பார்க்கத்தான் எங்களால் ஆகாது.

வருகிற புதனுக்கு ஸ்டெல்லா அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். காரணம்: சொந்த வேலை. எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்று நாங்கள் எல்லோரும் கேட்டுப் பார்த்துவிட்டோம்.

சொல்ல மறுக்கிறார்.

பிரிய மனமில்லாத,
பள்ளி அலுவலக ஊழியர்கள்
31.1.2013