வெள்ளை அந்துப்பூச்சியின் கால்

இந்த மடாங் ஊர் ஈரத்தில் செருப்புக்கே பூஞ்சை பிடிக்கும். ஆனாலும் பூச்சிப் பெட்டிகளை நான் குறைவில்லாமல் காத்து வந்திருக்கிறேன். மரபணுச் சோதனைக்கு நீங்கள் கேட்டபடி, பழுப்பு அந்துப்பூச்சியில் ஒரு கால், வெள்ளையில் ஒரு கால், தனித்தனிக் குப்பிகளில் இத்துடன் வருகின்றன. முடிவை நானே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே இனம்தான். பழுப்பு ஆண், வெள்ளை பெண்.

பதினோரு ஆண்டுகளாக எனக்கு இது தெரியும்.

இரவில் பூச்சி பிடிக்கக் கட்டும் விளக்குத் திரைக்குப் பழுப்பு நூற்றுக்கணக்கில் வந்தது, அத்தனையும் ஆண். பெண் பறக்காது போலும் என்று எழுதினேன். வெள்ளை வந்தது நான்கே நான்கு, நான்கும் பெண். ஆணுக்கு விளக்கு பிடிக்காது போலும் என்று எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் இதைவிட நன்றாக எழுதியிருக்கலாம். வெள்ளையின் சிறகு நரம்பு வேறு மாதிரி ஓடியதை வைத்து ஒரு புதிய பேரினத்தையே கட்டினேன். கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது.

மோகியா என்னிடம் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். இலையைக் கசக்கி முகர்ந்தே மரத்தின் பேர் சொல்வான். வெள்ளை ஒன்று பெட்டிக்குள் இட்ட முட்டைகளை அவன் வளர்த்திருந்தான். ஒரு காலை அந்தப் பெட்டியோடு சிரித்துக்கொண்டே வந்தான். உள்ளே பழுப்பும் வெள்ளையும் கலந்து உட்கார்ந்திருந்தன.

"பாருங்கண்ணே, எல்லாம் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. புருஷனையும் பொண்டாட்டியையும் ரெண்டு ஊரா பிரிச்சு வச்சுட்டீங்களே, பாவம்."

நானும் சிரித்தேன்.

"அடுத்த மாசம் பூச்சி ஆராய்ச்சிக்காரங்க கூட்டத்துல சொல்லிரலாம்ணே. நீங்க சொன்னா அழகா இருக்கும். கூச்சமா இருந்தா நான் சொல்றேன்."

ஒரு தடவை வளர்த்தது போதாது, இன்னொரு தடவை வளர்த்துப் பார்க்கலாம் என்றேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். வெள்ளை இட்ட முட்டைகளில் பிந்திப் பொரிந்த சில இன்னும் புழுக்களாகவே இருந்தன. அவை தின்னும் இலை ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கிறது.

அன்று காலையில்தான் அக்கரை ஊர்க்காரன் வாமி ஆற்றில் நீந்தி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். "பிரம்புப் பாலத்துல மேல் கயிறு அறுந்து கெடக்கு. கட்டி முடிக்கிற வரைக்கும் யாரையும் விட்ராதீங்க. மலையில வேற மழை கொட்டுது." அவனுக்குப் பாக்கும் சுண்ணாம்பும் கொடுத்து அனுப்பினேன். மோகியா அப்போது பின்கட்டில் வாழைக்காய் வேகவைத்துக்கொண்டிருந்தான்.

இலைப் பையை மாட்டிக்கொண்டே அவன் கேட்டான். "பாலம் எப்படிண்ணே இருக்கு?"

"நேத்து நான் அந்தப் பக்கம் போகலையே."

அது பொய் இல்லை. நேற்று நான் போகவில்லைதான்.

மூன்றாம் நாள் ஆற்றின் முகத்துவாரத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள். இலைப் பை தோளிலேயே இருந்தது. புழுக்களை உறைபெட்டியில் வைத்தேன். முன்பே சிறகு விரித்திருந்தவற்றை ஊசி குத்தி, பழுப்பு கிடைத்தது ஒரு மரத்தில், வெள்ளை கிடைத்தது வேறு மரத்தில் என்று பொய்ச் சீட்டு எழுதினேன். எழுத்து வழக்கம்போல அழகாகவே வந்தது. அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

இந்த ஊர் வழக்கப்படி துக்க வீட்டுக்குப் பன்றி கொண்டுபோனேன். துக்கத்துக்கு உடம்பெல்லாம் மண் பூசி உட்கார்ந்திருந்த அவன் மனைவி ரெகினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு நீங்கதானேண்ணே எல்லாம். அவரு பேரு அழிஞ்சிரக் கூடாதுண்ணே."

அச்சுக்குப் போன கட்டுரையைத் திருப்பி வாங்கி, வெள்ளைக்கு மோகியாவின் பெயரையே வைத்தேன். கட்டுரையில் வந்த அந்தப் பூச்சியின் படம் இன்றும் ரெகினாவின் அடுப்படிச் சுவரில் புகை படிந்து தொங்குகிறது. அந்த வீட்டில் எனக்கு இன்னும் சோறு போடுகிறார்கள். நானும் சாப்பிடுகிறேன்.

பாலம் அறுந்தது தெரிந்தே அவனை அனுப்பினேன். அவனைக் கொன்றவன் நான்தான். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள்.

ஒன்றே ஒன்று. இரண்டும் ஒன்றென்று முடிவானால், விதிப்படி முதலில் வைத்த பெயரான பழுப்பின் பெயர்தான் நிற்கும். மோகியாவின் பெயர் விழுந்துவிடும். இத்தனை ஆண்டு நான் வாய் திறக்காததும் அதற்காகத்தான். முடிந்தால் வெள்ளையின் காலை மட்டும் சோதிக்காமல் விட்டுவிடுங்கள். என் பேரினத்துக்காக இல்லை, மோகியாவுக்காகக் கேட்கிறேன்.