இனிப் பத்தியம் இல்லை

கனடாவின் ஸ்காபுறோவில் ஒரு பழைய அமெரிக்கப் பாணி டைனர். கவுண்டருக்கு முன்னால் சுழலும் ஸ்டூலில் இருந்து, டொக்டர் கூடாதென்ற பேக்கன் எனும் உப்புப் பன்றியிறைச்சியையும் முட்டையையும் நான் வாசலைப் பார்த்துப் பார்த்துக் கள்ளத்தனமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஸ்டூல்களில் அறுபதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் வந்து ஏறினார்கள். கணவர் தன் ஜாக்கெட்டுக்குள் பாதியாகிப் போயிருந்தார்.

"உண்மையாவே விரும்பினதைச் சாப்பிடச் சொன்னவரோ?" என்றார் மனைவி.

"ஓமப்பா. நீர் கார் பார்க் பண்ணப் போன நேரம்தான் டொக்டர் சொன்னவர். இனிப் பத்தியம் ஒண்டும் இல்லையாம்."

"உப்பு?"

"போடலாமாம்."

"பேக்கன்?"

"அதுவும்தான்."

"அந்தப் பெரிய குளிசையள்?"

"எல்லாத்தையும் நிப்பாட்டியாச்சு. நோவுக்கு மட்டும் ஒண்டு."

மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியளே, என்ர நேர்த்தி வீண்போகேல்லை! வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவேணும்."

சமையல்காரர் இரண்டு தட்டுகளை வைத்துவிட்டுப் போனார். கணவர் முட்டையைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"திரும்ப எப்ப வரட்டாம்?"

"வரத் தேவையில்லையாம்."

"அவ்வளவு சுகமோ!"

"ஓம். நீர் ஆறமுதல் சாப்பிடும்."

கணவர் தன் பேக்கனையும் எடுத்து மனைவியின் தட்டில் வைத்தார்.

நான் என் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன். போன மாதம் என் டொக்டர் மேசையில் அடித்து என்னைத் திட்டினார். அடுத்த மாதம் கட்டாயம் திரும்ப வரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நல்ல மனிதர்!