நூல் கட்டிய குச்சி

— அவளைத் தப்பா நினைக்காதீங்க மேஸ்திரி. எங்க அக்கா கையில சாக்பீஸ் இல்லாம நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வெண்டைக்காய்க்குக்கூடக் கோடு போட்டுத்தான் வெட்டுவா. தெருவே அவ பேரை மறந்துட்டுத் தையலக்கான்னு கூப்பிடுது.

— என் கதையை அப்புறமா அளக்கலாம்டா தம்பி. மேஸ்திரி, நீங்க முதல்ல குழியைப் பாருங்க.

— பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் தையலக்கா. காலையில ஏழு மணிக்குத் தண்ணி நிரப்பி, நின்ன மட்டத்துக்குக் குச்சியில சிவப்பு நூல் கட்டினேன். வேற வேலைக்குப் போயிட்டு இப்ப ஒரு மணிக்குத்தான் திரும்ப வர்றேன். தண்ணி நூலைத் தொட்டுக்கிட்டு நிக்குது. ஒரு விரற்கடைகூட இறங்கலை.

— இறங்கலையா? ஒரு பேச்சுக்குச் சொல்றேன், கண்ணாடியைத் துடைச்சுட்டு ஒருதடவை பாருங்களேன்.

— நான் சொல்லலை சார், மண்ணு சொல்லுது. இந்தாங்க, ஒரு பிடி எடுத்து உருட்டுங்க. கயிறு மாதிரி நீளுதா? ஒடியவே இல்லையே? சுத்தமான களிமண்ணு. தண்ணியை உள்ள விடாது. செப்டிக் டேங்குக்கு இங்க உறிஞ்சுகுழி வச்சீங்கன்னா, கக்கூஸ் தண்ணி போக வழியில்லாம, உங்க வாசலுக்கே வந்து நலம் விசாரிக்கும்.

— என் ஆசையில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!

— அப்ப தம்பி என் வீட்டுக் கொல்லையில வீடு கட்ட முடியாதா? ஐயோ பாவம்.

— வாய்தான் பாவம்னு சொல்லுது அக்கா. முகத்துல துக்கத்தைக் காணோமே.

— கட்டலாம் தையலக்கா. ஆனா களிமண்ணு மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அஸ்திவாரத்தைக் கெட்டித்தரை வர்ற வரைக்கும் இறக்கணும். உங்க பின்னறைக் கதவு மழைக்காலத்துல சாத்த மாட்டேங்குதே, அதுவும் இந்த மண்ணு பண்ற வேலைதான். உறிஞ்சுகுழியை மட்டும் முன்பக்கம் கொண்டுபோயிடலாம். அங்க மணல் கலந்த செம்மண்ணு. ஊத்தின தண்ணி அரைமணியில காணாமப் போயிடும்.

— முன்பக்கம் அக்காவோட ரோஜாப் பாத்தி இருக்கே.

— அந்த மண்ணா இருக்கப்போய்த்தான் சார் ரோஜா அப்படிப் பூக்குது. இங்க வச்சிருந்தா வேர் அழுகியிருக்கும்.

— அதைத் தொடக்கூடாது. பதினாலு வருஷமா அக்கா சாணமும் இலைக்குப்பையும் போட்டு வளர்த்த பாத்தி.

— தம்பி, ரோஜா என்னுது. நீ ஏன்டா துடிக்கிற?

— எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. களிமண்ணாவே இருக்கட்டும். இந்த வெயில்ல தட்டுல தண்ணி வச்சாக்கூடக் கொஞ்சமாவது காயும். இங்க கட்டின நூல்ல அப்படியே நிக்குது. முப்பது வருஷத்துல இப்படி ஒரு மண்ணை நான் பார்த்ததில்லை. என்ன, ரெண்டு பேரும் வானத்தைப் பார்க்கிறீங்க?

— சரி, மறைச்சு என்ன ஆகப்போகுது மேஸ்திரி. அக்கா தையல் மெஷின்ல உட்கார்ந்ததும், நான்தான் ஆறு சொம்புத் தண்ணியை வெளியே மொண்டு கொட்டினேன். இங்க இல்லைன்னா முன்பக்கம்தான் இடம்னு எனக்குத் தெரியும். தண்ணி இறங்கிடுச்சுன்னு நீங்க நினைச்சா, குழி இங்கேயே வந்துடும், ரோஜா பிழைச்சுக்கும்னு ஒரு கணக்கு.

— அட திருட்டுப் பயலே! அப்ப தண்ணி குறைஞ்சது உன் வேலையா?

— குறைஞ்சதா? அதை நீ எப்பப் பார்த்தே?

— நீ குளிக்கப் போனப்ப. இந்த மண்ணு தண்ணியைக் குடிக்குதே, இவன் வீட்டைக் கட்டிடுவானேன்னு நினைச்சேன். வாளியைத் தூக்கிட்டு வந்து ஊத்தினேன்.

— சரியா நூல் வரைக்குமா?

— கோட்டைத் தாண்டியும் போகக்கூடாது, முன்னாடியும் நிக்கக்கூடாது. கை அப்படியே பழகிப்போச்சுடா.

— ரெண்டு விரல் குறைச்சு ஊத்தியிருந்தா நான் நம்பியிருப்பேன் தையலக்கா.

— ஏன் அக்கா, நான் உன் பக்கத்துல வர்றது உனக்குப் பிடிக்கலையா?

— ஆமாடா மடையா, பக்கத்துல வர்றதுதான் பிடிக்கலை. உன் பொண்டாட்டி போய்ச் சேர்ந்த மூணு வருஷமா வாடகை அறையில தனியாப் பொங்கித் தின்னது போதாதா? இங்க வந்தும் தனிச் சுவரு, தனி அடுப்பு, தனி உறிஞ்சுகுழியா? பின்னறை சும்மாதானே கிடக்கு.

— உனக்குப் பாரமா இருக்கக்கூடாதுன்னுதான் அக்கா.

— இந்த வீட்டையே தாங்குது இந்த மண்ணு. நீ என்ன, ஐம்பத்தஞ்சு கிலோ இருப்பியா?

— அதை மண்ணு தாங்கும் சார்.

— மேஸ்திரி, அந்தப் பின்னறைக் கதவு மழை வந்தா சாத்தாதுன்னு சொன்னீங்களே?

— ஆமா சார். மண்ணு உப்பிச் சட்டம் சாஞ்சு, கதவு பாதியிலேயே நின்னுடும். தச்சரை வரச்சொல்லி இழைச்சுத் தரச் சொல்லட்டுமா?

— வேண்டாம். நாளைக்குப் போய் வாடகை அறையைக் காலி பண்ணிட்டு வந்துடறேன். இந்தக் கதவு திறந்தே இருக்கட்டும்.