ஆண்டியப்பன் பேரில் போன இருநூறு மெயில்

செல்வராணி: மாமா, வாராரு... கேட்டைத் தொறக்குறாரு. நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்.

ஆண்டியப்பன்: ஏத்தா, எனக்கு அந்த மெயில் எந்தப் பக்கமா வருதுன்னே தெரியாதே!

செல்வராணி: உங்க பேருலதானே போயிருக்கு. இந்த ஒரு தடவ மட்டும்...

எழிலரசன்: வணக்கங்க. ஆண்டியப்பன் ஐயா வீடு...

ஆண்டியப்பன்: நாந்தான். வாங்க, வாங்க. இங்கிட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. இது எம் மருமக, செல்வராணி.

எழிலரசன்: நான் எழிலரசன்ங்க, திருமயம். போன்ல பேசுனேனே... ‘கோர்வை’ சாப்ட்வேர் எழுதுனவன்.

செல்வராணி: தெரியும் சார். அதுலதான் நான்... எங்க மாமா டைப் அடிக்கிறாரு. இலுப்பூர் பிரஸ்ஸுக்கு. நோட்டீசு, பத்திரிகை எல்லாம்.

ஆண்டியப்பன்: ஆமா. கடலைக் காட்டுல வேலை முடிஞ்சா அடுத்து அதான்.

எழிலரசன்: மொதல்ல ஒரு நன்றி சொல்லிக்கிறேன் ஐயா. ரெண்டு வருசத்துல இருநூத்துப் பன்னெண்டு மெயில் போட்டிருக்கீங்க. எந்த எழுத்து எங்க ஒடையுதுன்னு படம் புடிச்சு, நம்பர் போட்டு...

ஆண்டியப்பன்: இருநூறா!

செல்வராணி: மாமா...

ஆண்டியப்பன்: இருக்கும், இருக்கும். கை சும்மா இருக்காது பாருங்க.

எழிலரசன்: இன்னைக்குச் சாயங்காலம் புது வெர்ஷன் வெளியிடுறேன். அதுல நன்றின்னு ஒரு பக்கம். ஒரே ஒரு பேருதான் போடுறேன். அது யாரு பேருன்னு நேர்ல கேட்டுட்டுப் போகலாம்னுதான்...

ஆண்டியப்பன்: ஒரே பேரா? ஏத்தா, கேட்டியா?

செல்வராணி: ...கேட்டேன் மாமா. உங்க பேருதான். போடச் சொல்லுங்க.

எழிலரசன்: நீங்க சொன்ன மொதப் பிரச்சினை ஞாபகம் இருக்குங்களா ஐயா? பிரஸ்ஸோட பழைய ஃபைல். விண்டோஸ்ல நல்லா வந்துச்சு. லினக்ஸ்ல தொறந்தா எழுத்துக்குப் பதிலா வெறும் கேள்விக்குறி.

ஆண்டியப்பன்: ம்... ரெண்டு வாய்க்கால்லயும் ஒரே தண்ணிதானே தம்பி பாயணும்?

எழிலரசன்: அடடா!

செல்வராணி: மாமா என்ன சொல்ல வாராருன்னா சார்... அது பழைய ஃபாண்டுல அடிச்ச ஃபைலு. உள்ள இருக்கிறது வெறும் நம்பரு. எந்த நம்பருக்கு எந்த எழுத்துன்னு உங்க சாப்ட்வேர் சிஸ்டத்துக்கிட்ட கேட்டுச்சு. விண்டோஸ் ஒண்ணு சொல்லுது, லினக்ஸ் ஒண்ணு சொல்லுது. சிஸ்டத்த ஏன் கேக்கணும்? எந்த ஃபாண்டுல அடிச்சதுன்னு ஃபைல் வச்சிருக்கவங்களையே கேட்டிருக்கலாம்ல?

எழிலரசன்: ...ஐயா இவ்வளவும் சொன்னாரா?

ஆண்டியப்பன்: நான் கொஞ்சமாத்தான் சொன்னேன்.

எழிலரசன்: ரெண்டு சிஸ்டத்துலயும் எப்படிங்கய்யா போட்டுப் பார்த்தீங்க?

ஆண்டியப்பன்: லேப்டாப்புலதான். ஸ்கூல்ல குடுத்தாங்கள்ல, ஓசி லேப்டாப்பு.

எழிலரசன்: உங்களுக்குங்களா?

செல்வராணி: என்னோடது சார். பன்னெண்டாவது படிக்கையில குடுத்தாங்க. விண்டோசும் இருந்துச்சு, லினக்சும் இருந்துச்சு. பேட்டரி போயிருச்சு, ஒயரச் சொருகுனா இன்னும் ஓடுது. அத... மாமா எடுத்துக்கிட்டாரு.

ஆண்டியப்பன்: போதும்த்தா! மருமக லேப்டாப்பப் புடுங்குனவன்னு வேற பேரு வாங்கிக் குடுத்துராத. தம்பி, நான் ஒரு மெயிலும் எழுதல. எம் மவன் துபாய் போறப்ப எம் பேருல ஒரு மெயில் கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்துட்டுப் போனான். இருநூறும் இவதான்.

செல்வராணி: மாமா!

ஆண்டியப்பன்: என்ன மாமா? புள்ளைய மடியில போட்டு ஒரு கையால தட்டிக்கிட்டு, ஒரு கையால நீ அடிச்சத நான் பார்க்கலையா? நீ பாடுபட்டதுக்கு நான் மாலை போட்டுக்கவா?

செல்வராணி: மன்னிச்சுருங்க சார். ஏமாத்தணும்னு நினைக்கல...

எழிலரசன்: அப்புறம் ஏன்ங்க?

செல்வராணி: அது கெடக்கட்டும் சார். நீங்க நல்லது செஞ்சவரு. நீங்க சரி பண்ணுன பொறவுதான் பிரஸ்காரரு பழைய ஃபைல் அம்புட்டையும் எங்கிட்ட குடுத்தாரு. காதுகுத்து, கோயில் நோட்டீசு, டியூசன் கொஸ்டின் பேப்பரு... வீட்ட விட்டு அசையாம எனக்கு ஒரு வேலை கெடச்சிச்சு. நன்றி நாந்தான் சொல்லணும்.

எழிலரசன்: இல்லைங்க. நான் அந்தச் சாப்ட்வேர மூடிறலாம்னு இருந்தேன். டவுன்லோடு பண்றவங்க பண்றாங்க, நல்லாருக்கு இல்லைன்னு ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல. அன்னைக்குன்னு பார்த்து ஒரு மெயில். ‘நேத்து நீங்க சரி பண்ணுனது இன்னைக்கு வேற எடத்துல ஒடையுது. அவசரமில்ல, சாப்பிட்டுட்டுப் பாருங்க’ன்னு. அதப் படிச்சிட்டுத்தான் நான் அன்னைக்குச் சாப்பிட்டேன்.

ஆண்டியப்பன்: அது இவ பேச்சேதான். வயக்காட்டுக்கே போன் போட்டு அததான் சொல்லுவா.

செல்வராணி: சும்மா இருங்க மாமா...

எழிலரசன்: இவ்வளவு எழுதியிருக்கீங்க, ஒங்க பேருல எழுதியிருக்கலாமே?

செல்வராணி: எழுதுனேன் சார். மொத மெயிலு எம் பேருலதான். அதே கேள்விக்குறி, அதே ஃபைலு. பத்து நாளு பார்த்தேன்... பதில் இல்ல. அப்புறம் பேர மட்டும் மாத்தி, மாமா மெயில்ல இருந்து அனுப்புனேன். அரை மணி நேரத்துல வந்துருச்சு, ‘மதிப்பிற்குரிய ஐயா’ன்னு.

ஆண்டியப்பன்: இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேத்தா.

செல்வராணி: எப்படியோ பதில் வந்துருச்சுல்ல, வேலை நடந்தா போதும்னு விட்டுட்டேன். கோவமெல்லாம் இல்ல சார், நெசமாவே இல்ல. அந்தப் பேரு மட்டும்... இன்னும் மாத்த முடியும்னா மாத்துங்களேன்.

எழிலரசன்: மாத்த ஒண்ணுமில்லைங்க. செல்வராணின்னு போட்டு மூணு நாளாச்சு. போன வாரம் பழைய மெயில அடுக்கையில அந்த மொத மெயில் கண்ணுல பட்டுச்சு. ஒங்க பேரு, ஐயா பேருல வந்த அதே ஃபைலு. அன்னைக்கே படிச்சதுதான்... வீட்டுல இருக்க பொண்ணுக்கு ஃபாண்ட் போடத் தெரியல போலன்னு நெனச்சுத் தள்ளி விட்டுட்டேன். நான் பேரு கேக்க வரலைங்க. அந்த மெயிலுக்குப் பதில் சொல்லத்தான் பஸ் ஏறுனேன்.